மேட்டுல மனை... பள்ளத்துல பணம்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. மேற்கே திரும்பி மலையைப் பார்த்துவிட்டால் போதும், கையில் இருக்கிற அட்வான்ஸ் தானாகவே புரோக்கர் பாக்கெட்டுக்குள் போய்விடும். 'ஜன்னலைத் திறந்தா மலை... காலையில மேகம்... பக்கத்துலயே அய்யனார் கோயில் ஆறு!' என்று அவர் அடுக்கும்போது, காலுக்குக் கீழே தரை எப்படிச் சரிகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

பத்திரப்பதிவு முடிந்து, கொத்தனார் வந்து டியூப் மட்டம் பிடித்துப் பார்த்து, "தம்பி, ரோட்டுப் பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நாலு அடி வித்தியாசம் இருக்கு"ன்னு சொல்லும்போதுதான் ஆபீஸ் லோனில் வீடு கட்டப்போகிற நம் ஆளுக்கு லேசாகத் தலை சுற்றும்.

சுற்றவே வேண்டாம். சரிவு ஒரு குறை இல்லை. அதை எதிர்த்துச் சண்டை போட்டால் செலவு, அதோடு சமாதானமாகப் போனால் லாபம்!

வாஸ்துக்காரர் பாஸ் மார்க்!

முதலில் ஒரு நல்ல செய்தி. இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே நிற்பதால், நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. மேற்கு மேடு, கிழக்குப் பள்ளம் என்றால் வாஸ்து நிபுணர்களுக்கு வாயெல்லாம் பல். ஆகவே அந்த டிபார்ட்மெண்டில் உங்களுக்குத் தொல்லை கிடையாது. தொல்லை தரப்போவது தண்ணீர்.

மலையடிவாரத்தில் மழை என்பது உங்கள் மனையில் பெய்கிற மழை மட்டுமில்லை. உங்களுக்கு மேலே இருக்கிற அத்தனை மனையிலும், தோப்பிலும், ரோட்டிலும் பெய்கிற மழை உங்கள் வாசல் வழியாகத்தான் கீழே போயாக வேண்டும். அது உங்களிடம் பிளான் அப்ரூவல் கேட்டுக்கொண்டு வராது.

கணக்குப் போடலாமா?

நாற்பதுக்கு அறுபது மனை. அதாவது அஞ்சரை சென்ட். கிழக்கே ரோடு. பின்னால் மேற்கே நாலு அடி மேடு. இதை என்ன செய்வது?

முதல் வழி, நம்மில் பல பேர் செய்வது: மண்ணைக் கொட்டி மனை முழுவதையும் பின்பக்க உயரத்துக்குத் தூக்குவது. சராசரியாக இரண்டு அடி நிரப்பினால் 4,800 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 48 யூனிட்! மண் அமுங்கும் என்பதால் அதற்கு மேலும் தேவைப்படும். லோடு விலையை விசாரித்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியமில்லை. ரோட்டோரத்தில் நாலு அடித் தடுப்புச் சுவர் வேறு. அதன் மேல் இரண்டு அடி பேஸ்மட்டம். ஆக, ரோட்டிலிருந்து வீட்டுக்குள் நுழைய ஆறு அடி ஏறணும். அரை அடிக்கு ஒரு படி என்றால் பன்னிரண்டு படி. அம்மாவின் மூட்டுவலி சம்பந்தமாக நீங்கள் ஏற்கெனவே டாக்டருக்குக் கொடுக்கிற பீஸ் போதாதா?

இரண்டாவது வழி, ரோட்டு மட்டத்துக்கு எல்லாவற்றையும் வெட்டி எடுப்பது. மண் லாரியில் போகும், கூலி உங்கள் பையிலிருந்து போகும். பின்னால் நாலு அடி மண் செங்குத்தாக நிற்கும். மழையில் நனைந்தால் கனத்துப்போய் உங்கள் சமையலறைச் சுவரை நோக்கித் தள்ளும்.

மூன்றாவது வழி, மனையை இரண்டு தட்டாகப் பிரிப்பது. முன்பாதி ஒரு தட்டு, பின்பாதி இரண்டு அடி உயரத்தில் இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் மேட்டுப் பக்கம் வெட்டுகிற மண்ணை அதன் பள்ளத்துப் பக்கமே போட்டுவிடலாம். மொத்தம் புரட்டுகிற மண் சுமார் ஆறு யூனிட்தான். தட்டை மட்டப்படுத்த லாரியே வேண்டாம்! ரோட்டிலிருந்து ஏற வேண்டியது மூன்று அடி, ஆறே படி. வீட்டுக்குள் தட்டு மாற நாலு படி.

திருவனந்தபுரத்து மேட்டு வீடு

இது புது ஐடியா எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1990-ல் பத்மஸ்ரீ வாங்கிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில்தான் தன் சொந்த வீட்டைக் கட்டிக்கொண்டார். சரிவை மொட்டையடிக்காமல், வீட்டையே மேலும் கீழுமாக ஏறி இறங்க விட்டார். செலவைக் குறைக்க அவர் சொன்ன யோசனைகளில் இரண்டு நமக்கு அப்படியே பொருந்தும். வீட்டின் நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டக்கோட்டில் படுத்திருக்க வேண்டும். தட்டின் விளிம்பில் கொண்டுபோய் வீட்டை நிறுத்தாமல் நடுவில் நிறுத்த வேண்டும். விளிம்புக்குப் போகப்போக அஸ்திவாரம் ஆழமாகும், பர்ஸ் மெலியும்.

யாருக்கு எந்தத் தட்டு?

முன்தட்டில் ஹால், சமையலறை, பூஜை அலமாரி, அப்பா அம்மா ரூம், அதை ஒட்டியே பாத்ரூம். ராத்திரி எழுந்து போகிற பெரியவர்களுக்கு நடுவில் ஒரு படிகூட வரக் கூடாது. பின்தட்டில் உங்கள் ரூம், பிள்ளைகள் ரூம். அந்த நாலு படியில் குழந்தைகள் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்யும், விருந்தாளி வந்தால் கேலரி டிக்கெட்! படிக்கு ஓரத்தில் கைப்பிடியும், மேலே ஒரு லைட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்.

நாளைக்கு வீல் சேர் தேவைப்படலாம். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று அடிக்கு முப்பத்தாறு அடி. பக்கவாட்டில் இப்போதே இடம் விட்டு வைத்தால் பின்னால் சுவரை இடிக்க வேண்டியிருக்காது.

சம்ப் ஈசான மூலையில்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டதா? சரி. செப்டிக் டேங்கை அங்கேயிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். சம்ப்புக்கு மேட்டுப் பக்கம் அது வரவே கூடாது. கழிவுநீர் எந்தப் பக்கம் கசியும் என்பதைச் சரிவுதான் தீர்மானிக்கும்.

பால்கோவா பாடம்

மண் நிரப்புகிற வேலையை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரிச் செய்யணும். அவசரப்பட்டால் பதம் வராது. அரை அடி, முக்கால் அடி உயரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடித்து, பிறகுதான் அடுத்த அடுக்கு. அஸ்திவாரம் இந்தப் புது மண்ணில் உட்காரக் கூடாது. அதைத் தாண்டி, பழைய கெட்டித் தரையில் இறங்கணும். கிழக்கே போகப்போகக் கரிசல் தட்டுப்படும். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே இன்ஜினீயர் சொல்கிற ஆழத்தில் பேரம் பேசாதீர்கள்.

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

2019 டிசம்பர் 2-ம் தேதி, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூரில், தொடர்மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரக் கற்சுவர் பக்கத்து வீடுகளின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் சுவர் நாலு அடிதானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் யாரோ கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள். மண்ணைத் தாங்குகிற சுவரை, காம்பவுண்டு சுவர் மாதிரி ஒற்றைக் கல்லில் எழுப்பக் கூடாது. இன்ஜினீயர் கணக்குப்படி அடி அகலமாக வேண்டும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய வரிசையாக ஓட்டைகள் விட வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அந்தக் குழியைத் தடுப்புச் சுவரை ஒட்டித் தோண்டினால், நாமே சுவருக்குக் குழி பறிக்கிற மாதிரி!

நம்ம பக்கத்துக் கண்மாய்களைப் பாருங்கள். பள்ளத்துப் பக்கம்தான் கரை. மேட்டுப் பக்கம் வருகிற தண்ணீருக்குத் திறந்திருக்கும். நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்கு ஒழுங்காகப் போகும். வீட்டுக்கும் அதேதான். பின்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, வருகிற வெள்ளத்தைப் பக்கவாட்டில் இறக்கி, ரோட்டு வடிகாலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மனைக்காரர் தலையில் இறக்கினால் வீடு குடிபோகிற அன்றைக்கே கோர்ட்டுக்கும் குடிபோக வேண்டியிருக்கும்.

மனை மலையடிவாரக் கிராமத்தில் இருந்தால், அது மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். பட்டியலில் இருந்தால் கூடுதல் அனுமதி வாங்கணும்.

கடைசியாக ஒன்று. மனையை வெயிலில் பார்த்து விலை பேசாதீர்கள். ஐப்பசியில் நல்ல மழை கொட்டுகிற ஒரு நாள், ஆபீஸுக்கு அரை நாள் லீவ் போட்டுவிட்டு, ஒரு குடையும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, மழை விட்டதும் கோடு போட்டு வையுங்கள். இன்ஜினீயரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சறுக்குகிற இடத்தை நம்மைவிட முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான்!