செத்த கம்ப்யூட்டர் சாட்சி சொல்கிறது!

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீர் என்று நின்றுவிடுகிறது. ஏன் நின்றது?

தடயம் அதன் நினைவகத்தில்தான் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி ஓட விட்டால், அந்தத் தடயம் போயே போய்விடும்.

லினக்ஸில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் "கேடம்ப்". 2005-ம் ஆண்டு முதல் அது லினக்ஸில் இடம் பெற்று இருக்கிறது.

அண்ணன், தம்பி

கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் தலைமைப் புரோகிராமுக்கு "கெர்னல்" என்று பெயர். கேடம்பில் இரண்டு கெர்னல்கள். அண்ணன் வேலை செய்வான். தம்பி ஒரு மூலையில் சும்மா காத்திருப்பான். அண்ணன் விழுந்ததும் தம்பி எழுந்திருப்பான். அண்ணன் விட்டுப்போன நினைவகத்தைப் பிரதி எடுத்து டிஸ்கில் எழுதி வைப்பான். அதன் பிறகே கம்ப்யூட்டர் புதிதாகத் தொடங்கும்.

தம்பிக்குத் தங்க இடம் வேண்டுமே! அதை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரியில் "கிராஷ்கெர்னல்=256எம்" என்று எழுதினால், 256 மெகாபைட் தனியாகப் போய்விடும். அண்ணன் அதைப் பயன்படுத்த முடியாது. எழுதிய பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால்தான் அது பலிக்கும்.

இதில் கஞ்சத்தனம் கூடாது. இடம் போதாவிட்டால் தம்பியும் மூச்சுத் திணறி விழுவான். பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் கூடுதல் இடம் தேவைப்படும்.

விவரம் தெரிந்தவர்கள், யாரும் வேலை செய்யாத நேரம் பார்த்து, வேண்டும் என்றே அண்ணனை விழ வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். தம்பி எழுந்தானா, பிரதி எடுத்தானா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்தப் பிரதியைக் கண்டவர் கையில் கொடுக்கமாட்டார்கள். நினைவகத்தில் இருந்த ரகசியச் சொற்களும் அதில் அகப்பட்டு இருக்கலாம்!