நங்கை என்பவள் யார்?

மங்கை, நங்கை இரண்டும் எதுகையாய் அமைவதால், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போட்டுவிடுகிறோம். கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து மடல், பட்டிமன்ற மேடை, எங்கும் இதுதான் நடக்கிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு. மங்கை வயதைச் சொல்லும் சொல். பேதை, பெதும்பை என்று தொடங்கிப் பேரிளம்பெண்வரை பழைய நூல்கள் வகுத்த ஏழு பருவங்களில் அது மூன்றாவது. ஏறத்தாழ 12, 13 வயது. நங்கைக்கு வயது கிடையாது. பண்பிலும் மதிப்பிலும் உயர்ந்த பெண் என்பதே அதன் பொருள். பதினெட்டு வயதுப் பெண்ணும் நங்கைதான், எண்பது வயதுப் பாட்டியும் நங்கைதான்.

ஆணுக்கு நம்பி, பெண்ணுக்கு நங்கை. சுந்தரரை நம்பி ஆரூரர் என்கிறோமே, அதே நம்பிதான். இந்த இணை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் தமிழின் அழகு தெரியும். பழந்தமிழில் என் தம்பி ‘எம்பி’, உன் தம்பி ‘நும்பி’. அதுபோலவே என் தங்கை ‘எங்கை’, உன் தங்கை ‘நுங்கை’. எம், நும், தம் என்னும் சொற்கள் முன்னால் நிற்க, பின்னால் ‘பி’யும் ‘கை’யும் வருகின்றன. அந்த வரிசையில் ‘நம்’மை வைத்துப் பாருங்கள்: நம்பி, நங்கை. ‘நம்மவள்’ என்ற உரிமைதான் மரியாதையாக வளர்ந்திருக்கிறது என்று கொள்ள இது நல்ல சான்று. நன்மையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

இது ஏட்டோடு நின்றுபோன சொல்லும் அல்ல. கொங்கு நாட்டு வீடுகளில் அண்ணன் மனைவியை நங்கை, நங்கையா என்று அழைப்பதுண்டு. சுசீந்திரத்தில் அம்மனின் பெயரே முன்னுதித்த நங்கை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அவள் பல்லக்கில் புறப்பட்டு, பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் குமாரகோவில் முருகனோடும் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறாள். மலையாளத்தில் நம்பியார் குலப் பெண்கள் நங்ஙியார். கூடியாட்ட நாடகத்தில் மரபாகப் பெண் வேடம் கட்டியவர்கள் அவர்களே.

நம் காலத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைத்த பெரிய பேறு ‘திருநங்கை’. பல்லாண்டுகளாக ஏச்சுப் பெயர்களால் அழைக்கப்பட்டவர்களுக்கு, மதிப்பையே பொருளாகக் கொண்ட சொல் பெயரானது. 2008இல் தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. பின்னர் இந்தச் சொல் அரசு வழக்கிலும் நிலைத்தது. சில அழைப்பிதழ்களில் இதை ‘திரு. நங்கை’ என்று புள்ளி வைத்துப் பிரித்து அச்சிடுகிறார்கள். அது தவறு, அவமதிப்பும்கூட. திருநங்கை ஒரே சொல்.

எழுதும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நங்கையார் என்றால் ஒருவரை மரியாதையாகச் சொல்வது. நங்கையர் என்றால் பலர். ஒரு துணைக்கால் பொருளையே மாற்றிவிடும்.

திருமதி என்றால் மணமானவர், செல்வி என்றால் ஆகாதவர். நங்கை அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. மேடையில் ஒரு பெண்ணை வரவேற்கும்போது திருமதியா செல்வியா என்று பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து கேட்காதீர்கள். பெயரோடு நங்கை என்று சேர்த்து அழையுங்கள்.