பழுது இடம் மாறிய கதை

பொறியியல் முடித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மைசூர் என்றதும் அரண்மனைக்கு முன்பே நினைவுக்கு வருவது ஹெப்பாலில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். 2009-இல் இரண்டாவது மையமும் திறந்த பிறகு, ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் தங்கிப் படிக்கும் இடமாக அது வளர்ந்துவிட்டது. ஆனால் மென்பொருள் வருவதற்கு முன்பே கணினியைக் கையால் பூட்டிய ஊர் மைசூர். 1980-களிலேயே விப்ரோவின் கணினித் தொழிற்சாலை இங்கே இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் இங்கே தயாராகி வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போயின. 1988-இல் இந்த ஊரில் தொடங்கிய கேன்ஸ் டெக்னாலஜி 2022-இல் பங்குச் சந்தை வரை வந்துவிட்டது. பக்கத்து நஞ்சன்கூட்டில் ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் சர்க்யூட் போர்டுகள் செய்கிறது.

இந்தத் தொழிற்சாலைகளுக்கும் நம் மேசைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவர் சர்வீஸ் டெக்னீஷியன். அவருக்கு வரும் புகாரைக் கேட்டாலே காலம் மாறியது புரியும். தொண்ணூறுகளில் மைசூர்க் கடைக்காரரோ கல்லூரி ஆய்வகமோ போன் செய்தால் முதல் வார்த்தை, கன்னடத்தில் "சிஸ்டம் ஆன் ஆக்தா இல்ல" (ஆன் ஆகவில்லை) என்பதாகத்தான் இருக்கும். இன்று பெரும்பாலும் "நெட் பர்தா இல்ல" (நெட் வரவில்லை). பழுது பெட்டிக்குள்ளிருந்து பாதைக்கு இடம் பெயர்ந்துவிட்டது. இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அன்றைய டெக்னீஷியன் காதாலும் மூக்காலும் வேலை செய்தவர். கேபினெட்டைத் திறக்கும்போதே கருகிய வாடை வந்தால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போய்விட்டது என்று பாதி முடிவுக்கு வந்துவிடுவார். சந்தேகம் இருந்தால் மதர்போர்டுக்கு வரும் இணைப்பைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்ப்பார். ஃபேன் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி. சுற்றினாலும் அது முழுக்க நல்லது என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே மதர்போர்டின் மேல் கை வைப்பார். பயோஸ் எழுப்பும் ஒலி இன்னொரு துப்பு. அவார்டு பயோஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. நீண்ட ஒலி விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ராம். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்தி மாட்டினால் பல சமயம் உயிர் வந்துவிடும். டெக்னீஷியன்கள் பலரின் சட்டைப் பையில் ஒரு ரப்பர் இருந்ததற்கு அதுவே காரணம்.

அன்று ஒவ்வொரு பெயரும் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருளுக்கு உரியதாக இருந்தது. ஒரே ரிப்பன் கேபிளில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டினால், ஒன்றின் ஜம்பரை மாஸ்டருக்கும் மற்றதை ஸ்லேவுக்கும் வைக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டரில் விட்டால் எதுவுமே தெரியாமல் போகலாம். கணினியில் தேதி பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்ற வேண்டும். பிரிண்டர் பேரலல் கேபிளில் கணினிப் பக்கம் 25 பின், பிரிண்டர் பக்கம் 36. சொல்லைக் கற்பதும் பொருளைக் கற்பதும் அன்று ஒரே வேலையாக இருந்தது.

நெட்வொர்க்கும் அப்படித்தான். தொண்ணூறுகளின் அலுவலகங்களில் டிவி கேபிள் போல ஒரே கோஆக்ஸியல் கேபிள் மேசை மேசையாக ஓடும். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு டி கனெக்டர். கேபிளின் இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். ஒரு துண்டு 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் 30 கணினிக்கு மேல் இருக்கக் கூடாது. யாராவது நாற்காலியை நகர்த்தும்போது கேபிள் கழன்றால், கழன்றவருடைய கணினி மட்டும் நிற்காது. அந்தத் துண்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். டெர்மினேட்டர் இல்லாத கேபிளில் போன சிக்னல் எதிரொலித்துத் திரும்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. கணினிகளை நிறுத்திவிட்டு, ஒரு டி கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். இரு முனை டெர்மினேட்டர்களும் இணையாகத் தெரிவதால் சுமார் 25 ஓம் காட்ட வேண்டும். 50 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. பிறகு கேபிளை நடுவில் பிரித்து, அங்கே கையிலிருக்கும் டெர்மினேட்டரை மாட்டி, எந்தப் பாதி வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். கெட்ட பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். நான்கைந்து தடவையில் அறுந்த இடம் அகப்பட்டுவிடும்.

பிறகு ஹப் வந்தது, அதைத் துரத்திக்கொண்டு ஸ்விட்ச் வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள் என்றானதும் ஒருவர் கேபிள் போனால் அவருக்கு மட்டும்தான் நட்டம். ஆர்ஜே-45 முனையைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தும் வேலை வந்தது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசை இன்றும் மாறவில்லை. புதியவர்கள் சறுக்கும் இடம் நான்காவதும் ஆறாவதும். பச்சை ஜோடியை ஒன்றாகவே வைத்துவிடத் தோன்றும். நீல ஜோடிக்கு இடம் விட்டு அதைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். 2005-இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபின் மோடமும் ஸ்ப்ளிட்டரும் வீடுகளுக்குள் நுழைந்தன. இப்போது ஃபைபர். "லாஸ் லைட் சிவப்பா எரியுதா?" என்பதுதான் போனில் கேட்கும் முதல் கேள்வி. எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். சுவர் மூலையில் ஃபைபர் இறுக்கி மடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே போக வேண்டும்.

இன்றைய பெட்டிக்குள் கைக்கு வேலை குறைவு. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது; ரப்பருக்கு அங்கே இடமில்லை. எஸ்எஸ்டி சுற்றுவதில்லை, அதனால் சாகும்போது சத்தமும் போடுவதில்லை. வேலை நெட்வொர்க் முகவரிகளுக்குப் போய்விட்டது.

மைசூரின் ஹூட்டகள்ளியிலோ விஜயநகரத்திலோ உள்ள எந்தச் சிறிய அலுவலகத்திலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வைஃபை மூலை வரை எட்டவில்லை என்று ஒரு ஊழியர் வீட்டில் சும்மா கிடந்த ரூட்டரைக் கொண்டுவந்து, சுவரில் உள்ள இணைப்பை அதன் லேன் போர்ட்டில் செருகிவிடுகிறார். இன்டர்நெட் என்று எழுதிய போர்ட்டில் செருகியிருந்தால் மற்றவர்களுக்குத் தொல்லை வந்திருக்காது. அலுவலகத்தின் ரூட்டர் 192.168.1.1, புதிதாக வந்தது 192.168.0.1. இரண்டுமே டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி பங்கிடும் முறை) வழியாக முகவரி கொடுக்கின்றன. காலையில் ஒரு கணினியை ஆன் செய்ததும் அது "எனக்கு முகவரி வேண்டும்" என்று பொதுவாகக் கூவும்; முதலில் பதில் சொல்பவர் கொடுப்பதைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். தவறான ரூட்டர் முந்திக்கொண்டால் நெட் இல்லை, பிரிண்டர் இல்லை, ஷேர் ஃபோல்டர் இல்லை. முன்பே முகவரி வாங்கியவர்களுக்கு அதன் கெடு தீரும்வரை எல்லாம் ஓடும். அதனால் பழுது ஒருவர் ஒருவராகத் தொற்றிப் பரவும். கேபிளை மாற்றினாலும், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் தீராது.

ஐபிகான்ஃபிக் ஆல் என்று கட்டளை கொடுத்தால் முகவரி கொடுத்தது யார் என்று ஒரு வரி காட்டிக்கொடுக்கும். ஆர்ப் கட்டளையில் அந்தப் பெட்டியின் மேக் முகவரி கிடைக்கும். மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தால் அந்த மேக் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். அந்த ஸ்விட்சில், அனுமதியில்லாத பெட்டி முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கைப் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இனி வராது. சாதா ஸ்விட்ச் என்றால் கேபிள்களைப் பாதி பாதியாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். கோஆக்ஸியல் காலத்து வித்தை இங்கே அப்படியே உதவுகிறது. கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நின்றால் அது வேறு கதை: கூவியும் யாருமே பதில் சொல்லவில்லை.

ஐடிஐயில் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஃபீல்டு டெக்னீஷியன் படிப்பும் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் டிஹெச்சிபியின் விரிவாக்கம் என்ன, டிஎன்எஸ் என்றால் என்ன என்று வரையறையை மனப்பாடம் செய்து வருகிற பிள்ளை, மேலே சொன்ன அலுவலகத்தில் திணறித்தான் நிற்கும். அன்று பொருள் கண்ணெதிரே இருந்ததால் சொல் தானாக ஒட்டிக்கொண்டது. இன்று கேட்வே என்பதையும் டிஎன்எஸ் என்பதையும் யாரும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. பழுதை வைத்துத்தான் அவற்றைக் கற்பிக்க முடியும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. இரண்டு பழைய கணினி, ஒரு ஸ்விட்ச், இரண்டு பழைய ரூட்டர் போதும். ஆசிரியர் டிஎன்எஸ் முகவரியைத் தவறாக மாற்றிவிட்டு மாணவரை அழைக்கட்டும். முகவரி எண்ணைக் கொடுத்துப் பிங் செய்தால் பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்பதை மாணவர் தாமே பார்க்கட்டும். அடுத்த நாள் கேட்வேயை அழித்துவிடட்டும்: பக்கத்துக் கணினி கிடைக்கும், வெளியுலகம் கிடைக்காது. அதற்கடுத்த நாள் இரண்டாவது ரூட்டரின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகிவிட்டு, வகுப்பை மாணவர்கள் கையில் விட்டு ஆசிரியர் வெளியே போய்விடலாம்.