கொல்லிமலையில் இரண்டு படி சாமை

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கொல்லிமலை எதிரே சுவர்போல் நிற்கும். காரவள்ளியில் மலையேறும் பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே சேர்வதற்குள் காது அடைத்துவிடும். ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு அன்றே இறங்கிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மலையில் ராத்தங்கிப் பழகிய பிறகுதான் அதன் சோற்றுக் கதை எனக்குத் தெரிந்தது.

மேலே ஊர்கள் நெருக்கமாக இல்லை. மேட்டில் பத்து வீடு, வயல் தாண்டி இன்னும் இருபது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பகுதிகளுக்கு ‘நாடு’ என்றே பெயர். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலைவாசிகள் என்பதுதான் பொருள், பேச்சு தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

முன்பு இவர்களுடைய சோறு சாமையும் தினையும் கேழ்வரகும்தான். வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை, பெருந்தினை என்று எத்தனையோ ரகம். அவை விளைந்த கொல்லைகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. 1940களில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலுக்குக் கிழங்கு வேண்டும். லாரி மலையேறியது, கையில் காசு வந்தது. கிழங்கின் மாவுச்சத்துப் பாயிண்டைப் பார்த்து விலை சொல்வது மட்டும் கீழே இருப்பவர்கள். 2011 முதல் ரேஷனில் அரிசியும் இலவசம்.

சாமை குறைந்ததற்குக் காசும் அரிசியும்தான் காரணம் என்றே எண்ணியிருந்தேன், ஒரு பாட்டி உரலில் சாமை குத்துவதைப் பார்க்கும்வரை. உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து. இரண்டு படிக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, “தோளு எறங்கிப்போவுது கண்ணு, அதான் மருமவ வேணாங்கறா” என்றார். அந்த மருமகளை நான் குறை சொல்லமாட்டேன். காட்டு வேலையும் முடித்து உலக்கையும் பிடிக்க யாரால் முடியும்?

1990களிலிருந்து இங்கே பணிசெய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சிக்கலைச் சரியாகப் பிடித்தது. விதை வங்கியோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கீழே கடைகளில் சாமைப் பாக்கெட் அடுக்கினார்கள். நல்லதுதான். ஆனால் விளைவிக்கிற வீட்டில் அது சோறாக வேண்டுமானால், நடந்துபோகிற தூரத்தில் ஒரு மில் ஓட வேண்டும்.

அந்தப் பாட்டி அரை ஏக்கரில் இன்னமும் சாமை விதைக்கிறார். பேரன் மூட்டையை பைக்கில் வைத்துப் பக்கத்து ஊர் மில்லுக்குக் கொண்டுபோகிறான். நான் போன அன்று மில் பழுது. அதனால்தான் உரல்.