ஃபுவெர்ட்டெஸின் பறவைகளும் மாணவர்களும்

காட்டுப் பறவைகளை உயிர்ப்போடு வரைந்த முன்னோடிகளில் ஒருவர் லூயிஸ் அகாசி ஃபுவெர்ட்டெஸ். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள இதாக்கா ஊரில் 1874ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பேராசிரியர். மகனுக்கு லூயி அகாசி என்ற இயற்கை அறிவியலாளரின் பெயரை வைத்தார். பிள்ளையும் பெயருக்கேற்றபடியே வளர்ந்தான். ஒருமுறை உயிருள்ள ஆந்தையைப் பிடித்துவந்து சமையலறை மேசைக்காலில் கட்டிப்போட்டானாம். ஆடுபானின் புகழ்பெற்ற பறவை ஓவிய நூலை உள்ளூர் நூலகத்தில் ஆசை தீரப் புரட்டியவன், பதினான்கு வயதில் உண்மைப் பறவை ஒன்றைப் பார்த்து வண்ணத்தில் தீட்டினான். அலகின் இரு நுனிகளும் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்காக நிற்கும் செந்நிறக் குருவி அது.

1894இல் கல்லூரிப் பாட்டுக் குழுவோடு வாஷிங்டன் போனபோது எலியட் கூஸ் என்ற பறவையியலாளரைச் சந்தித்தார். இளைஞனின் படங்களைப் பார்த்து வியந்த கூஸ், அடுத்த ஆண்டு பறவையியலாளர் மாநாட்டில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1897இல் வெளிவந்த ‘சிட்டிசன் பேர்ட்’ என்னும் சிறுவர் நூலுக்கு 111 படங்கள் வரையும் வேலையும் கிடைத்தது.

கை பழகியிருந்தாலும் ஒளியைப் பற்றிய பாடம் அவருக்கு இன்னும் தேவைப்பட்டது. அதைத் தந்தவர் அபட் தேயர் என்ற ஓவியர். விலங்குகளின் நிறத்தைப் பற்றி 1896இல் தேயர் சொன்ன ஒரு விளக்கம் இன்றும் உயிரியலில் அவர் பெயரால் வழங்குகிறது. வெளிச்சம் மேலிருந்து விழும்போது முதுகு பளிச்சிடும், வயிற்றில் நிழல் படியும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஓர் உடல் உருண்டையாக இருப்பதைக் கண் அறிகிறது. முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருந்தாலோ வெளிச்சமும் நிழலும் சரிக்கட்டப்பட்டு உடல் தட்டையாகத் தெரியும், பின்னணியில் கரைந்தும் போகும். பல பறவைகளுக்கு வயிறு வெளுத்திருப்பது இதற்காகவே என்றார் தேயர். பின்னாளில் அவர் அளவு மீறிப் போய், பூநாரையின் செந்நிறம்கூட அந்தி வானில் மறைந்துகொள்ளத்தான் என்று வாதிட்டார்; முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் கேலிக்கும் ஆளானார். ஆனால் ஓர் ஓவியனுக்கு இந்தப் பாடம் பொன்னானது. நிழலில் இருக்கும் வெள்ளை இறகு வெள்ளையாக இருப்பதில்லை, தரையின் நிறத்தையும் வானின் நீலத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஃபுவெர்ட்டெஸின் பறவைகளுக்குக் கனமும் திரட்சியும் வந்தது இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான்.

அன்றைய பறவை ஓவியர்கள் பலர் அருங்காட்சியகத்துப் பாடம் செய்த தோல்களைப் பார்த்தே வரைந்தார்கள். இறகின் நிறம் அவற்றில் ஓரளவு நிலைக்கும். கண், அலகு, கால், இறகில்லாத முகத்தோல் ஆகியவற்றின் நிறமோ உயிர் போன சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். ஃபுவெர்ட்டெஸும் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவர்தான், அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் சுட்ட கையோடு மங்கும் நிறங்களைக் குறித்துக்கொள்வார். அதைவிட முக்கியம், சுடுவதற்கு முன் நெடுநேரம் பார்ப்பது. பறவை கழுத்தைத் திருப்பும் விதம், கிளையைப் பற்றும் விதம், அது உஷாராகும்போது இறகுகள் படியும் விதம் எல்லாம் மனதில் பதிந்துவிடும். அவற்றின் குரலையும் சீழ்க்கையில் அப்படியே எழுப்புவார். உடனிருந்தவர்களுக்கு அதுவே ஒரு பொழுதுபோக்கு.

1899இல் ஹாரிமன் என்ற ரயில் தொழிலதிபரின் ஆய்வுக் குழுவோடு கப்பலில் அலாஸ்கா சென்றார். பின்னர் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளருடன் மெக்சிகோ, கொலம்பியா எனப் பல இடங்களுக்கும் போய், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாழிடக் காட்சிகளுக்குக் குறிப்புகள் திரட்டினார். சமையல் சோடா பாக்கெட்டில் இலவசமாக வந்த அட்டைகளிலும் அவருடைய பறவைகள் இருந்தன. ஓவியக் கூடத்தின் வாசலை மிதிக்காத வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

கற்பிப்பதிலும் அவர் இப்படித் தாராளமானவர். 1923 முதல் கார்னெலில் பறவையியல் விரிவுரைகள் ஆற்றினார். ஆனால் அவரிடம் நன்றாகக் கற்றவர்களைத் தேட வகுப்பறைக்கு வெளியேதான் போக வேண்டும். ஜார்ஜ் சட்டன் என்ற இளைஞர் தம் படங்களைத் தபாலில் அனுப்ப, புகழ்பெற்ற ஓவியர் உட்கார்ந்து பதில் எழுதினார். 1916 கோடையில் கயூகா ஏரிக்கரையில் தம் குடும்பத்தோடு தங்கவைத்தும் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொருவர் ராஜர் டோரி பீட்டர்சன். பள்ளியில் பார்த்து வரையச் சொல்லி ஆசிரியை அவருக்குத் தந்த நீலப் பறவைப் படம் ஃபுவெர்ட்டெஸ் தீட்டியது. 1925இல் நியூயார்க்கில் நடந்த பறவையியலாளர் கூட்டத்தில் அந்தப் பதினேழு வயதுப் பையனை ஃபுவெர்ட்டெஸ் நேரில் கண்டு, ஒரு தூரிகையைக் கையில் கொடுத்து, படங்களை அனுப்பிவைக்கும்படி சொன்னார். பையன் தயங்கித் தயங்கி அனுப்பாமலே இருந்துவிட்டான்.

1926–27இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காக அபிசீனியா, அதாவது இன்றைய எத்தியோப்பியா, சென்றார். அங்கே தீட்டியவையே அவருடைய உச்சம் என்பது பரவலான கருத்து. அவற்றை நண்பர் சாப்மனிடம் காட்டிவிட்டுக் காரில் திரும்பும்போது, 1927 ஆகஸ்ட் 22 அன்று, யுனடில்லா அருகே இருப்புப்பாதைக் கடவில் ரயில் மோதி இறந்தார். மனைவி காயங்களோடு பிழைத்தார். ஓவியங்களுக்குச் சேதமில்லை. அவற்றில் ஒரு பகுதியை 1930இல் அருங்காட்சியகம் தொகுப்பாக வெளியிட்டது.

பீட்டர்சன் பின்னாளில் பள்ளி ஆசிரியராகி ஓவியமும் இயற்கை அறிவியலும் கற்பித்தார். 1934இல் அவர் கொண்டுவந்த பறவைக் கையேடு குருவின் வழியிலிருந்து துணிந்து விலகியது. இறகு இறகாகத் தீட்டாமல், எளிய தட்டையான படங்களில் அடையாளங்களைச் சிறு கோடுகளால் சுட்டிக்காட்டினார். தொலைநோக்கி இருந்தால் போதும், பறவையைச் சுடாமலே இனம் காண முடிந்தது. சட்டன் ஆர்க்டிக் வரை சென்று பறவைகளை ஆராய்ந்து, ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தமக்கு ஃபுவெர்ட்டெஸ் எழுதிய கடிதங்களைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்து, எண்பது வயதை ஒட்டி, 1979இல் நூலாகப் பதிப்பித்தார்.