இடுப்பு நோவு எல்லாம் கூடையால் வந்ததல்ல

"கூடை தூக்கின இடுப்பு, நோகத்தானே செய்யும்" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கூடை நோவு ஓய்வெடுத்தால் குறையும். வாரக்கணக்கில் குறையாத முதுகு நோவு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 'மல்டிபிள் மயலோமா' என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். இது எலும்பு மச்சையில் தொடங்கி எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். களைப்பு, தாகம், மலச்சிக்கல், அடிக்கடி காய்ச்சல் கூடவே வரலாம்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையும். இரும்புச்சத்து மாத்திரையால் மட்டும் சரிவராது. ஈ.எஸ்.ஆர்., கல்சியம், கிரியாட்டினின் கூடலாம். இரத்தத்திலும் சிறுநீரிலும் புரதம் பார்த்து, எலும்பு மச்சையையும் சோதித்தே டாக்டர் உறுதி செய்வார்.

நோவு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீங்க. சிலது சிறுநீரகத்துக்கு ஆகாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்க. கால் மரத்துப் பலம் குறைந்தால் அன்றைக்கே போங்க. நேரத்தோடு போனால் நோயைக் கட்டுப்படுத்தலாம்.