சாய்ந்தமருதுத் தோணா

கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதை ஊடறுத்துக் கடலை நோக்கிச் செல்லும் நீரோடையைத் தோணா என்போம். வெளியூர் அன்பர் அதனைச் சாக்கடை என்றே எண்ணுவர். அவர்மீது குறை கூறுவதற்கில்லை. ஆற்றுவாழை மூடிய அந்நீரில் இன்று பிளாஸ்டிக் போத்தல்களும் கோழிக் கழிவும் மிதக்கின்றன. ஆயினும், ஊரின் மேற்கே விரிந்து கிடக்கும் கரைவாகு வட்டையின் மாரிவெள்ளம் கடலைச் சேரும் வழி இதுவே. கோடையில் கடல் தன் மணலால் அதன் வாயை அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் ஏறுங்கால் மனிதர் அம்மணலை வெட்டிவிடுவர்.

என் மூத்தவாப்பாவின் காலத்தில் அவ்வேலைக்கு ஊரே திரண்டதாம். வாய்க்காலைச் செப்பனிடாத வயற்காரனை வட்டவிதானை வரப்பில் நிறுத்திக் கேள்வி கேட்பாராம். மணலில் ஊறிய மழைநீரே கிணற்று நீர். தோணா கெட்டால் கிணறும் கெடும் என்பதை எழுத்தறியாதவரும் அறிந்திருந்தனர்.

பின்னர் குழாய் வந்தது. 1975 இல் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, அம்பாறையின் கொண்டவட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்துக் கரையோர ஊர்களுக்கு அனுப்புகிறது. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோள் கிணறுகளை உவர்ப்பாக்கிய பின்னர் குழாய்நீரின் அருமையை உணராதார் இல்லை. நானும் அதனை வாழ்த்தியவனே. ஆனால் கிணற்றை மறந்த வீடு தோணாவையும் மறந்தது. குடிக்கும் நீர் எங்கோ மலையடியிலிருந்து வருகையில், கொல்லைப்புறத்து நீரில் குப்பை கொட்டக் கை கூசவில்லை.

கடற்கோளில் வீடிழந்தோர்க்கான குடியிருப்பும் கரைவாகுப் பள்ளத்தை நிரப்பியே எழுந்தது. அவர்கள் வேறெங்கே போவர்? கடலுக்கும் வயலுக்கும் இடையே நமக்குள்ளது ஒரு மணற்கீற்று. ஆனால் அதன்பின்னும் மண் ஏற்றிய வாகனங்கள் நிற்கவில்லை. இத்தாழ்நிலத்து வெள்ளம் எத்துணைக் கொடியது என்பதை, 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மத்ரஸா மாணவரின் ஜனாஸாக்கள் நமக்குக் காட்டின.

குழாய் ஒரு சபைக்கு, வாய்க்கால் ஒரு திணைக்களத்துக்கு, வயல் வேறொன்றுக்கு, கடல்வாய் இன்னொன்றுக்கு, குப்பை மாநகர சபைக்கு. தோணாவோ இவையனைத்தும் சந்திக்குமிடம். கொழும்பிலும் இக்குழப்பம் இருந்ததே. சதுப்பு நிலங்களை மீட்டு மேடாக்கவென 1968 இல் அமைந்த அரசுக் கூட்டுத்தாபனமே, இன்று வெள்ளத்தைத் தாங்கும் இடமென அவற்றைப் பேணி வருகிறது. 2018 இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரங்களுள் ஒன்றாயிற்று. தலைநகரின் பள்ளத்துக்குக் கிடைத்த மதிப்பு கரைவாகுக்குக் கிடைக்கலாகாதா?

சென்ற மாரியில் இயந்திரம் வந்து மணலை வெட்டிற்று. கறுத்த நீர் கடலுக்கு ஓடுவதைப் பார்த்து நின்ற என் மாணவன் ஒருவன், “சேர், இந்தத் தண்ணி எங்க இருந்து வருது?” என்றான். மேற்கே கை காட்டினேன். வயலுக்கும் எங்களுக்கும் இடையே, புதிதாய்க் கொட்டிய கிறவல் மேடொன்று பார்வையை மறைத்து நின்றது.